கோணையனை நேராக்கிய படம்

அன்று வங்காலையில் வின்சன்டின் வீட்டு ஹோலில் இருந்தவர்கள் இவர்கள். நடுக்கதிரையில் அருட்பிரகாசம். அவருக்கு வலப்பக்கம் மகள் யசிந்தா. இடப்பக்கம் கோயில் மூப்பர் யாகப்பர். பின்னால் வாங்கில் வீட்டுக்காரன் வின்சன்டும் அவன் மனைவி பிரஷாந்தியும். சுவரோரம் பாயில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தவள் றஞ்சிதா. மேசைக்குப் பின்னால், சுவரில் படம் விழுத்தும் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றவன் எருக்கலம்பிட்டிப் பவ்ஸான். நிலத்தில் வின்சன்டின் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும். இவர்களைத் தவிர வேறு ஒருவரும் அங்கே இல்லை. தாங்களும் இருந்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் பலர். அவர்களில் ஒருவர்கூட அந்தப் படலையைத் தாண்டி உள்ளே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் பூசை முடிந்து சனம் வீடு திரும்பி, சாப்பிட்டுக் கை கழுவிய நேரம். வெயில் உள்ளே வராமல் யன்னல்களில் போர்வைகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, முதல்நாள் வெட்டிய தலைமயிர் என்று அருட்பிரகாசம் வந்து உட்கார்ந்தபோது வின்சன்ட் வாயை அடக்கமுடியாமல் கேட்டான்.

"என்ன மாமா, கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி வந்திருக்கிறியள்? கோணையனுக்குப் பொம்பிளை பாக்கவோ?"

"கோணையன்ர விசயத்துக்கு அழுக்குச் சாரத்தோட வர நான் என்ன நீயே?" என்றார் அருட்பிரகாசம்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முதுகைக் கதிரையில் சாய்க்கவும் இல்லை. அவர் எந்தக் கதிரையிலும் சாய்வதில்லை. எழுபது வயதைத் தாண்டிய பிறகும், ஆஸ்பத்திரி வாங்கில்கூட, கொடிமரம் மாதிரித்தான் இருப்பார். மண்டபம் முகாமில் குடும்பத்தோடு அகதியாக இருந்த அத்தனை வருடங்களிலும், அரிசிக்கு வரிசையில் நின்ற நாட்களிலும், அந்த முதுகு வளைந்ததை ஒருவரும் கண்டதில்லை. அருட்பிரகாசம் வீட்டுக்காரர் கேட்டு வாங்கமாட்டார்கள், கெஞ்சிப் பேசமாட்டார்கள், தங்கள் நியாயத்தைச் சந்தியில் நின்று விளக்கமாட்டார்கள். அது அவருடைய தகப்பன் காலத்து ஒழுங்கு. அதை அவர் அப்படியே காத்து வந்தார்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு துணிப்பொம்மையின் இரசிகர் என்றால் கேட்பவர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் உண்மை அதுதான்.

முகாமில் இருந்த காலத்தில், ஞாயிறு காலையில் தொலைக்காட்சியில் 'கொண்டல் வீடு' என்று ஒரு பொம்மலாட்டத் தொடர் போகும். கடற்கரையில் ஒரு வீடு, அந்த வீட்டில் ஐந்து கைப்பொம்மைகள். எல்லாவற்றிலும் சின்னது கோணையன். சாக்குத்துணி உடம்பு, சட்டைப் பொத்தான் கண்கள், இடப்பக்கம் மேலே இழுபட்ட சிவப்பு வாய். அதைத் தைத்தவர் பிழையாகத் தைத்துவிட்டு, பிறகு அதுவே நன்றாக இருக்கிறதென்று விட்டுவிட்டாராம். குரல் மூக்கால் வரும், 'ச' வரும் இடமெல்லாம் ஒரு சீட்டி சேர்ந்து வரும். ஒவ்வொரு வாரமும் தன்னைவிடப் பெரிய எவனாவது வந்து கோணையனின் வாயைப் பார்த்துச் சிரிப்பான். கோணையன் தலையைச் சரித்து அவனைக் கொஞ்சநேரம் மேலும் கீழும் பார்ப்பான். பிறகு சொல்வான்: "வாய்தான் கோணல், வார்த்தை நேர்!" அதோடு தொடங்கினானென்றால் வந்தவன் வாயடைத்துப் போகும்வரை விடமாட்டான்.

அருட்பிரகாசத்தின் மகன் றொசாந்தன் பிறக்கும்போதே மேலுதடு பிளந்து, வாய் ஒரு பக்கம் இழுபட்டுப் பிறந்தவன். அவனுக்கும் பேச்சு மூக்கால்தான் வரும். முகாமுக்குப் போன புதிதில் மற்றப் பிள்ளைகள் அவனைக் 'கோணவாயன்' என்று கூப்பிட்டு, அவன் திரும்பியதும் ஓடிவிடுவார்கள். தகப்பன் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளோடு சண்டைக்குப் போவது அவருக்கு மரியாதை இல்லை. ஆனால் இரவில் நித்திரை வராது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, முகாமின் பொதுத் தொலைக்காட்சிக்கு முன்னால் சனத்துக்குப் பின்னால் நின்று, மகனைத் தோளில் ஏற்றி வைத்துக்கொண்டு அவர் முதன்முதலாகக் கோணையனைப் பார்த்தார். பொம்மை வாயைத் திறந்ததும் தோளிலிருந்த பிள்ளையின் உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது. அழுகிறானோ என்று அண்ணாந்து பார்த்தார். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். தன்னுடைய குரல் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது என்று, வாயைப் பொத்தாமல், எல்லோரும் பார்க்கச் சிரித்தான். அன்றைக்குத் தகப்பனும் சத்தம் போட்டுச் சிரித்தார். அருளம்மா, அவருடைய மனைவி, திரும்பிப் பார்த்து, "இந்த மனிசனுக்குப் பல்லிருக்கு!" என்றாள்.

அடுத்த கிழமையிலிருந்து கதை மாறிவிட்டது. றொசாந்தன்தான் முகாமின் கோணையன். "ஒருக்காச் சொல்லடா" என்று பிள்ளைகள் அவனைச் சுற்றி நிற்பார்கள். வின்சன்ட் அப்போது அவன் வயதுப் பொடியன். தன் வாயைச் சின்னிவிரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டாவது கோணையனாகத் திரிந்தான். அவனுக்கு அந்த வார்த்தை கடைசிவரை சரியாக வரவில்லை.

பிளந்த உதடுகளை இலவசமாகத் தைக்கிறோம் என்று ஒருமுறை மதுரைப் பக்கத்து வைத்தியர்கள் சிலர் முகாமுக்கு வந்தார்கள். அருளம்மாவுக்கு விருப்பம். பெயரும் கொடுத்துவிட்டாள். முதல்நாள் மாலை மகன் தகப்பனைக் கேட்டான்.

"கோணையன் தைச்சவனோ அப்பா?"

"இல்லை."

"அப்ப எனக்கென்னத்துக்கு?"

காலையில் அருட்பிரகாசம் வைத்தியரிடம் போய், "பொடியனுக்கு ஒரு குறையும் இல்லை. வந்ததுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு வந்தார். அருளம்மா கனநாள் அவரோடு கதைக்கவில்லை. அந்த முடிவு சரியோ பிழையோ என்று அவர் பிறகு ஒரு நாளும் யோசித்ததில்லை. மகன் எவனுடைய முகத்தையும் நேரே பார்த்துக் கதைத்தான். அவருக்கு அது போதுமாக இருந்தது.

தொடர் நின்றது. போர் முடிந்து குடும்பம் ஊர் திரும்பியது. றொசாந்தன் தகப்பனோடு கடலுக்குப் போனான். மீன் படாத நாட்களில், "சம்மாட்டியார், சும்மா சிரியுங்கோ, காசில்லை!" என்று படகு முதலாளியான தகப்பனிடம் கோணையனாகிப் பேசுவான். அதற்காக அவன் குரலை மாற்றத் தேவையில்லை. தன் குரலையே கொஞ்சம் கூட்டிவிடுவான், அவ்வளவுதான். யாருமில்லாத கடலில் அருட்பிரகாசம் தாராளமாகச் சிரிப்பார்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு விடியற்காலை, தகப்பனும் மகனும் மட்டும் படகில் இருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் காற்று எழும்பியது. வலை, படகு இயந்திரத்தின் விசிறியில் சுற்றிக்கொண்டது. "கத்தியைத் தாங்கோ அப்பா" என்று வாங்கிக்கொண்டு றொசாந்தன் தண்ணீரில் இறங்கினான். வலையைப் பாதி வெட்டிவிட்டான். அப்போது ஒரு அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கி அவன் தலையில் போட்டது. தகப்பன் பாய்ந்து தேடினார். இரண்டு நாள் கழித்துத் தெற்கே அச்சங்குளக் கரையில் கடல் அவனைக் கொண்டுவந்து போட்டது. மரண விசாரணை முடிந்து, மூடிய பெட்டியாக வீட்டுக்கு வந்து, அன்று பொழுது படுமுன் அடக்கம். அவனுக்குப் பெண் பேசுவதற்காக உயிர்த்த ஞாயிறு கழிந்து பேசாலைக்குப் போவதென்று இருந்தார்கள்.

படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் நேரே பார்த்து, கோணல் வாயோடு சிரித்தபடி நின்றான். குரல்தான் இல்லை. தொலைபேசி அவனோடு கடலில் போய்விட்டது. அவன் குரலை ஒருவரும் எதிலும் பிடித்து வைக்கவில்லை. பழைய 'கொண்டல் வீடு' எங்காவது இருக்கிறதா என்று யசிந்தா தேடாத இடமில்லை. தொலைக்காட்சிக்காரர் அந்த நாடாக்களை அழித்து வேறெதையோ பதிந்துவிட்டார்களாம். ஆகவே, இத்தனை வருடம் கழித்துக் கோணையன் பெரிய படமாக வருகிறான், பழைய குரலை அப்படியே கற்றுக்கொண்ட ஒரு இளைஞர்தான் பேசுகிறார் என்று வின்சன்ட் வந்து சொன்னபோது, அருட்பிரகாசம் தலைமயிர் வெட்டப் போனார். மற்றவர்கள் அன்று படம் பார்க்க வந்தார்கள். அவர் ஒரு குரலைக் கேட்க வந்தார்.

பெட்டியிலிருந்து சுவரில் படம் விழுந்தது. சத்தம் வரவில்லை.

"பவ்ஸான், உன்ர பெட்டிக்கும் நோன்போ?" என்றான் வின்சன்ட்.

"நோன்பு முடிஞ்சு எத்தினை மாதம் வின்சன்ட் அண்ணை! உங்கட வீட்டுக் கரண்ட்தான் இன்னும் தபசுகால நோன்பில நிக்குது."

"சண்டை பிடிக்காதைங்கோ. அவன் மன்னார்த் தாம்போதிப் பாலம் தாண்டி வெயிலுக்க வந்தவன். முதல்ல தேத்தண்ணி குடு" என்றார் மூப்பர் யாகப்பர்.

பவ்ஸான் எதையோ கழற்றி எதிலோ பூட்டினான். வீடு அதிரச் சத்தம் வந்தது.

புதுக் கோணையன் துணியாக இல்லை. கம்பியூட்டரில் செய்தது. உடம்பில் மயிர் மயிராகக் காற்றில் ஆடியது, கண்கள் ஈரமாக இருந்தன. பொத்தான் கண்ணில் இல்லாத கண்ணீர் இதில் எப்போதும் தளும்பி நின்றது. அருட்பிரகாசத்துக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வாய் இடப்பக்கம் இழுபட்டுத்தான் இருந்தது. அந்த வாய் திறந்தது.

"சரி சரி, சோறு எங்க?" என்றது.

மூன்று 'ச'விலும் சீட்டி. மூக்கால் எழும்பி, கடைசியில் கொஞ்சம் உடைந்து விழும் அதே குரல். அருட்பிரகாசம் கண்ணை மூடிக்கொண்டார். சுவரில் கோணையன் கத்தினான், பாடினான், மீன் கேட்டான், யாரையோ ஏய்த்தான். அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிய இருட்டில் படகு இருந்தது, எதிர்ப் பலகையில் மகன் இருந்தான், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி கதைத்துக்கொண்டிருந்தான். அவருடைய உதடு அசைந்ததை யசிந்தா கண்டாள். என்ன சொன்னார் என்று அவளுக்குக் கேட்கவில்லை.

வின்சன்ட் பின்னாலிருந்து குனிந்து, "அவன்தான் மாமா. அப்பிடியே அவன்தான்" என்றான். அவனுடைய குரலும் சரியாக இல்லை.

"பேசாமல் இரு. கேக்கவிடு."

அந்தக் குரல் அவருக்குக் கால்மணி நேரம் கிடைத்திருக்கும். அதற்குள் அவருக்குத் திருப்தியாகிவிட்டது. இனி என்ன வந்தாலும் வரட்டும் என்றுகூட நினைத்தார்.

பிறகு படத்தில் ஒருவன் வந்து கோணையனின் வாயைப் பார்த்துச் சிரித்தான். அருட்பிரகாசம் கண்ணைத் திறந்து நிமிர்ந்தார். இப்போது வரும் அந்த வார்த்தை. கோணையன் தலையைச் சரிப்பான், மேலும் கீழும் பார்ப்பான்.

கோணையன் அழுதான்.

முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு ஓடினான். கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் வாயைக் கையால் நேராக இழுத்துப் பார்த்தான். தன்னை யாரும் விரும்பமாட்டார்கள் என்று பாடினான்.

"பிழை. கோணையன் அழமாட்டான். மற்றவனைத்தான் அழவைப்பான்" என்றார் அருட்பிரகாசம், கொஞ்சம் சத்தமாகவே.

"படம்தானே அப்பா" என்றாள் யசிந்தா.

"படமெண்டால் பொய் சொல்லலாமோ?"

பாட்டு முடிந்தது. நிலவு வெளிச்சத்தில் கோணையன் தனியாகக் கடற்கரைக்கு நடந்தான். திரும்பிப் பார்க்காமல் தண்ணீரில் இறங்கினான். முழங்கால், இடுப்பு, கழுத்து. தலைக்குமேல் அலை மூடியது.

அப்போது அருட்பிரகாசம் ஒன்றைக் கவனித்தார். பெரியவர்கள் ஒருவரும் சுவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். றஞ்சிதா சேலைத் தலைப்பை வாயில் வைத்திருந்தாள். வின்சன்ட் எழும்பி, "பவ்ஸான், இதை ஓட்டிவிடு" என்றான். யசிந்தா அவர் கையைப் பிடித்தாள்.

"என்ன செய்யுது உனக்கு?" என்று கையை விடுவித்துக்கொண்டார். "ஒண்டும் ஓட்டத் தேவையில்லை. போகட்டும்."

கடலில் மகனைக் கொடுத்த தகப்பன் என்று இரங்குகிறார்கள் என்று எண்ணினார். அந்த இரக்கம்கூட அவருக்குத் தேவையில்லை. கதிரையில் இன்னும் நேராக இருந்தார்.

படத்தில் கோணையனை ஒரு பணக்கார வைத்தியர் காப்பாற்றினார். பெரிய ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் நடந்தது. கட்டை அவிழ்த்தபோது வாய் நேராக இருந்தது, அளவுகோல் வைத்துக் கீறியதுபோல. கோணையன் சிரித்தான். பிறகு பேசினான். பேசியது வேறொருவன். மூக்கு இல்லை, சீட்டி இல்லை, உடைந்து விழும் அந்தக் கடைசி இல்லை. விளம்பரத்தில் சவர்க்காரம் விற்கிற குரல். படத்திலிருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள், நிலத்திலிருந்த பிள்ளைகளும் சேர்ந்து தட்டினார்கள்.

"இப்பதான் கோணையன் வடிவு!" என்றது வின்சன்டின் கடைக்குட்டி. பிரஷாந்தி அதன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

படம் அதற்குப் பிறகும் அரைமணி நேரம் ஓடியது. அருட்பிரகாசம் கண்ணை மூடவில்லை. அந்தக் குரல் இன்னொருமுறை வராதா என்று கடைசி எழுத்து ஓடி முடியும்வரை பார்த்துக்கொண்டு இருந்தார். வரவில்லை.

போர்வைகளைக் கழற்றியதும் வெயில் பொத்தென்று உள்ளே விழுந்தது. பிரஷாந்தி தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்தாள். வின்சன்டுக்குக் கோபம் அடங்கவில்லை.

"இது கோணையன் இல்லை மாமா. கோணையன்ர உடுப்பைப் போட்ட ஆரோ. 'வாய்தான் கோணல்' எண்டு ஒருக்காக்கூடச் சொல்லேல்லை, பாத்தனீங்களோ?"

"இனி எப்பிடிச் சொல்லுறது? வாயைத்தான் நேராக்கிப் போட்டாங்களே" என்றார் யாகப்பர்.

றஞ்சிதா பாயிலிருந்து எழும்பி அருட்பிரகாசத்துக்கு முன்னால் வந்து நின்றாள். முகாமில் அடுத்த குடிசைக்காரி. றொசாந்தன் செத்து நாலைந்து வருடம் கழிந்துதான் ஊர் திரும்பியவள். நல்ல மனம், அடங்காத வாய்.

"அண்ணை, மனசைத் தேத்திக்கொள்ளுங்கோ. எனக்குப் பாக்கேலாமல் போட்டுது. அண்டைக்கு முகாமில அந்த டாக்குத்தர்மாரிட்ட விட்டிருந்தால் பிள்ளைக்கும் இந்த மாதிரி நேராகியிருக்கும். அவனும் அப்பிடிச் செய்திருக்கமாட்டான்."

"எப்பிடிச் செய்திருக்கமாட்டான்?" என்றார் அருட்பிரகாசம்.

"றஞ்சிதா அக்கா, தேத்தண்ணி ஆறுது" என்றான் வின்சன்ட் அவசரமாக.

"நீ பொறு வின்சன்ட். எப்பிடிச் செய்திருக்கமாட்டான் எண்டு கேட்டனான்."

றஞ்சிதாவின் முகம் வெளுத்தது. "நான் என்னத்தைக் கண்டன் அண்ணை. ஊர்ச்சனம் சொன்னதுதான். பேசாலைப் பொம்பிளை வாயைப் பாத்திட்டு வேண்டாமெண்டதாம்... பொடியன் மனம் விட்டுக் கடலில விழுந்ததாம்... நீங்கள் மானத்துக்காக மறைச்சுப்போட்டியளாம். பிழையாய்ச் சொல்லேல்லை அண்ணை, ஆருக்கும் வாறதுதானே. கோயில் மணியும் அடிக்கேல்லையாம், பூசையும் வைக்காமல் தாட்டவையாம் எண்டு கண்டவையே சொல்லிச்சினம்."

அருட்பிரகாசம் கிளாசை மேசையில் வைத்தார். 

"அண்டைக்குப் பெரிய சனி" என்றார்.

யாருக்கும் உடனே விளங்கவில்லை. யாகப்பருக்கு விளங்கியது. பெரிய வியாழன் மாலைப் பூசையில் அடங்கும் மணி, சனி இரவு உயிர்ப்புப் பூசையில்தான் திரும்ப வாய் திறக்கும். அதற்கிடையில் எவர் செத்தாலும் மணியும் இல்லை, அடக்கப் பூசையும் இல்லை. பாதர் வந்து செபம் சொல்லி மண் போடுவார். பூசை பிறகு ஒரு நாள். கடலில் கிடந்து வந்த உடம்பைத் திங்கள்வரை வைத்திருக்க முடியாமல் சனி பின்னேரமே அடக்கினார்கள். திங்கட்கிழமை பூசை நடந்தது. அதற்கு வந்தவர்கள் கொஞ்சப்பேர். அடக்கத்துக்கு வந்தவர்கள் ஊர் முழுக்க. அந்த வருடம் உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் எட்டில் வந்தது. அடுத்தடுத்த வருடங்களில் அது முன்னும் பின்னுமாக நகர்ந்துவிட, றொசாந்தனின் நினைவுப் பூசை மட்டும் அதே திகதியில் நின்றது. கல்லறைக் கல்லிலும் திகதிதான் இருக்கிறது. ஆகவே சனத்துக்கு நாள் மறந்தது, மணி அடிக்காதது மறக்கவில்லை. தன் உயிரைத் தானே மாய்த்தவனுக்குத்தான் மணியும் பூசையும் இல்லை என்பது அவர்களுடைய பழைய நினைப்பு.

"ஓம்," என்றார் யாகப்பர் மெதுவாக. "நான்தானே பிரகாசம் அண்டைக்கு மணிக்குப் பதிலாய் மரப்பலகை தட்டிக்கொண்டு முன்னுக்குப் போனனான். நானே அதை மறந்துபோனன். இந்தக் கதை என்ர காதிலயும் விழுந்தது. உன்னட்டக் கேட்க ஒருத்தருக்கும் துணிவு வரேல்லை."

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

"நீயோ?" என்றார் யாகப்பர்.

அருட்பிரகாசம் மகளின் பக்கம் திரும்பினார்.

"உனக்கும் தெரியுமோ?"

யசிந்தா தலையைக் குனிந்தபடி இருந்தாள். "தெரியும் அப்பா. அம்மாதான் உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவ."

"கொம்மாவுக்கு ஆர் சொன்னது?"

"மாதா சபைக் கூட்டத்தில. அதுக்குப் பிறகுதான் அவ சபைக்குப் போகாமல் விட்டது."

முழங்கால் வலி என்றுதான் அருளம்மா அவரிடம் சொன்னாள். அவரும் நம்பி, மன்னாருக்குப் போய் எண்ணெய் வாங்கிக் கொடுத்தார்.

"கொம்மா என்ன நினைச்சவ?"

"பெரிய சனி எண்டு எல்லாருக்கும் சொல்லிப் பாத்தவ அப்பா. பெத்தவ சொன்னால் ஆர் நம்புறது?"

"சனத்தை விடு. அவ என்ன நினைச்சவ?"

யசிந்தா தலையை நிமிர்த்தினாள். பிறகு, "படகில நீங்கள் ரெண்டு பேரும்தானே அப்பா இருந்தனீங்கள்" என்றாள். "அதாலதான் அவ கடைசி மட்டும் உங்களிட்டக் கேட்டுக்கொண்டிருந்தவ."

அருளம்மா கேட்டாள்தான். சாவதற்கு முந்தின கிழமைவரை கேட்டாள். சோறு போடும்போது கேட்பாள், செபமாலை முடிந்து எழும்பும்போது கேட்பாள். "அவன் கடைசியா என்ன சொன்னவன்?" முதல் சிலமுறை அவர் பொறுமையாகச் சொன்னார். "கத்தியைத் தாங்கோ அப்பா எண்டவன்." அவள் தலையாட்டுவாள். மறுபடி ஒரு நாள் கேட்பாள். "முகம் எப்பிடி இருந்தது?" என்றும் கேட்பாள். ஒரே புண்ணைக் கிளறுகிறாள் என்று அவருக்கு எரிச்சல் வரும். "எத்தினை தரம் சொல்லுறது? என்ர வாயைக் கிளறாமல் இரு!" என்று ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார். அதற்குப் பிறகு அவள் கேட்பதைக் குறைத்தாள். அவர் கோபத்தில் எழும்பிப் போனதை, மறைக்க ஏதோ இருப்பதால் எழும்பிப் போனார் என்று அவள் எடுத்திருக்கலாம். அந்தச் சந்தேகத்தோடே அவள் கண்ணை மூடியிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இனி அதை அவர் யாரிடமும் கேட்க முடியாது.

அவன் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்கு ஒரு நாளும் சொல்லவில்லை. கத்தியை வாங்கும்போது அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "வலைக்காரர், உங்கட வலை உங்களையே பிடிக்குது" என்று கோணையனின் குரலில் சொல்லிவிட்டுத்தான் இறங்கினான். மகன் செத்த கதையில் பகிடியைச் சேர்ப்பது குடும்பத்துக்கு மரியாதை இல்லை என்று நினைத்து அருட்பிரகாசம் அதை விட்டுவிட்டார். அந்த ஒரு வரி போதுமாக இருந்திருக்கும் அவளுக்கு.

அவர் எழும்பினார். நேராகவே எழும்பினார். "முகம் கழுவிக்கொண்டு வாறன்" என்று பின்பக்கம் போனார். பைப்படியில் தண்ணீர் கனநேரம் ஓடிக்கொண்டிருந்தது. வடை கேட்டு அழுத பிள்ளையைக்கூடப் பிரஷாந்தி அந்தப் பக்கம் போகவிடவில்லை. பவ்ஸான் வயர்களைச் சுற்றிக்கொண்டே, "சத்தம் வராமல் விட்டிருந்தாலே நல்லம்" என்று தனக்குள் சொன்னான்.

அருட்பிரகாசம் திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. சேட்டின் முன்பக்கம் நனைந்திருந்தது. அவர் உட்காரவில்லை. கதிரையின் பின்னால் நின்று, கோயிலில் வாசகம் வாசிப்பவர்போல, ஒருவர் முகத்தையும் தனியாகப் பார்க்காமல் சொன்னார்.

"வலை விசிறியில சுத்தினது. என்ர மகன் கத்தியோட இறங்கி வெட்டினவன். படகு தலையில அடிச்சது. பேசாலைக்கு நாங்கள் இன்னும் பொம்பிளை கேட்டே போகேல்லை. என்ர பிள்ளை ஒருத்தருக்கு முன்னாலயும் வாயைப் பொத்தினதில்லை."

அவருடைய வாழ்நாளில் தன் வீட்டு நியாயத்தை வேறொருவர் வீட்டில் நின்று விளக்கியது அந்த ஒருமுறைதான்.

றஞ்சிதா விக்கி விக்கி அழுதாள். "அண்ணை, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள்.

"நீ நேரே சொன்னனீ. மற்றவை அதுகூடச் செய்யேல்லை" என்றார் அவர். பிறகு மகளிடம், "வா போவம்" என்றார். யாகப்பர் படலைவரை கூட வந்தார். 

வங்காலையில் இப்போது புதிதாக ஒரு கதை உலவுகிறது. கோணையன் கடலில் இறங்கிய இடத்தைப் பார்த்ததும், மகன் செய்ததை நினைத்து அருட்பிரகாசம் தாங்க முடியாமல் அழுதார் என்று சொல்கிறார்கள். அது பொய். அந்த இடத்தில் அவர் அழவில்லை. மகன் அப்படி ஒன்றும் செய்யவுமில்லை.